பகலுக்கு மஞ்சள், இரவுக்கு நீலம்: ஒரு கூட்டுச் சளி மாத்திரையின் மதிப்புரை

இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்ட பொருள், மருத்துவரின் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் வாங்கக்கூடிய ஒரு சளிக்காய்ச்சல் மாத்திரைப் பெட்டி. உள்ளே 24 மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றில் 18 பகலில் விழுங்குவதற்கான மஞ்சள் மாத்திரைகள், மீதி 6 படுக்கப் போகும்போது விழுங்குவதற்கான நீல மாத்திரைகள். பெட்டியின் முகப்பில் மூக்கடைப்பு, தலைவலி, உடல்வலி, காய்ச்சல், தொண்டைவலி என்று ஐந்து தொல்லைகள் வரிசையாக அச்சிடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பச்சைக்குறி போடப்பட்டிருக்கிறது. பெட்டியின் பெயரை நான் குறிப்பிடப்போவதில்லை. இதே மருந்துகள் இதே அளவிலோ சற்றே மாறிய அளவிலோ எத்தனையோ பெயர்களில் விற்பனைக்கு வருகின்றன. ஆகவே ஒரு பெயரைப் புகழ்வதாலோ பழிப்பதாலோ வாசகருக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. உங்கள் கையில் இருக்கும் பெட்டியைத் திருப்பி, பின்புறம் பொடி எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்தால், இந்த மதிப்புரை அதற்கும் பொருந்துமா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

என் பெட்டியின் பட்டியல் இது: மஞ்சள் மாத்திரை ஒன்றில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஃபினைல்எஃப்ரின் 5 மில்லிகிராம், காஃபீன் 25 மில்லிகிராம், நீல மாத்திரை ஒன்றில் அதே பாராசிட்டமாலும் அதே ஃபினைல்எஃப்ரினும், காஃபீனுக்குப் பதிலாகக் குளோர்ஃபெனிரமின் 2 மில்லிகிராம். பெரியவர்கள் ஒவ்வொரு வேளைக்கும் இரண்டிரண்டாக, பகலில் மூன்று வேளை மஞ்சளும் படுக்கும்போது நீலமும் எடுத்துக்கொள்ளலாம், வேளைக்கு வேளை குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்பது அறிவுறுத்தல். தும்மலும் தொண்டைக் கரகரப்புமாகத் தொடங்கிய ஒரு சளியின் முதல் நாள் மாலையில் இதை வாங்கி, மூன்றாம் நாள் இரவுவரை பயன்படுத்தினேன். இடையில் ஒரு தவறு செய்தேன். இந்த மதிப்புரையை எழுத வைத்ததே அந்தத் தவறுதான் என்பதால் அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் இத்தகைய மாத்திரை ஏன் பல மருந்துகளின் கூட்டாக இருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். சளியை உண்டாக்கும் வைரஸ்களில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ரைனோவைரஸ் அவற்றுள் முதன்மையானது. இவற்றைக் கொல்லும் மருந்து எதுவும் இந்தப் பெட்டியில் இல்லை, கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் வேறு எந்தச் சளிப் பெட்டியிலும் இல்லை. நாம் வாங்குவது, நோய் தானாக வடியும்வரை அதன் தொல்லைகளை அடக்கிவைக்கும் மருந்துகளை மட்டுமே. அந்தத் தொல்லைகள் ஒவ்வொன்றும் உடலில் வெவ்வேறு வழியில் உண்டாகின்றன. காய்ச்சலும் உடல்வலியும் புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளின் வேலை; அது மூளையில் உடல் வெப்பத்தை நிர்ணயிக்கும் இடத்தை உயர்த்தி வைத்துவிடுகிறது. மூக்கடைப்புக்குச் சளி தேங்குவதுதான் காரணம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் மூக்கின் உட்சவ்வில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, சவ்வே வீங்கி வழியை அடைத்துக்கொள்வதுதான் பெரும்பங்கு, அதனால்தான் எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு விலகுவதில்லை. மூக்கொழுகல் சுரப்பிகளின் வேலை, இருமல் நரம்புகளின் வேலை. ஒரே மருந்தால் இத்தனையையும் தொட முடியாது என்பதால், ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு மருந்து என்று எடுத்து ஒன்றாக அழுத்தி மாத்திரையாக்கிவிடுகிறார்கள். யோசனையில் குற்றம் காண ஒன்றுமில்லை. நான்கு தொல்லைகளும் ஒரே வேளையில், ஒரே அளவில் வந்து, ஒரே நாளில் போனால் இந்த மாத்திரை மிகப் பொருத்தமானதாக இருக்கும். சளி அப்படி நடந்துகொள்வதில்லை. முதல் இரண்டு நாள் தொண்டையும் உடம்பும், அடுத்த நாள்களில் மூக்கு, கடைசியில் இருமல் என்று ஒன்று தணியும்போது மற்றொன்று தலைதூக்குகிறது. கூட்டு மாத்திரையோ, முடிந்துபோன தொல்லைக்கும் இன்னும் வராத தொல்லைக்கும் சேர்த்தே மருந்து கொடுக்கிறது.

இனி ஒவ்வொரு மருந்தாக. இந்தப் பெட்டி எனக்குத் தந்த நிம்மதியில் பெரும்பகுதி பாராசிட்டமாலால் வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டு மாத்திரை விழுங்கி முக்கால் மணி நேரத்திற்குள் தலையின் பாரம் இறங்கியது, மூட்டுகளில் இருந்த குடைச்சல் தணிந்தது, லேசாக இருந்த காய்ச்சல் வியர்வையோடு விட்டது. வயிற்றைப் புண்ணாக்காது, வேளைக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம்வரை பெரியவர்கள் அச்சமின்றி எடுத்துக்கொள்ளலாம், 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமைத் தாண்டாமல் இருந்தால் போதும். உடல் எடை மிகக் குறைந்தவர்களும், நாள்தோறும் மது அருந்துபவர்களும், கல்லீரல் நோய் உள்ளவர்களும், பல நாள் சரியாக உண்ணாமல் கிடந்தவர்களும் இந்த எல்லைக்கு வெகு முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும். அவர்களுக்கான அளவை மருத்துவரோ மருந்தாளுநரோ சொல்ல வேண்டும்.

அந்த 4,000 என்ற எல்லையில்தான் நான் இடறினேன். இரண்டாம் நாள் காலையில் இரண்டு, நண்பகலில் இரண்டு, மாலையில் இரண்டு என்று மஞ்சள் மாத்திரைகளை அறிவுறுத்தியபடியே எடுத்துக்கொண்டேன். அதற்குள் 3,000 மில்லிகிராம் உள்ளே போயிருந்தது. மாலை மாத்திரைக்குப் பின் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, தொண்டைக்கு இதமாக ஏதாவது சூடாகக் குடிக்கலாம் என்று தோன்றியது. வேறொரு நிறுவனத்தின் எலுமிச்சைச் சுவையுள்ள சளிப்பொடிப் பொட்டலங்கள் சில அலமாரியில் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். வெந்நீரில் கரைத்துக் குடிப்பது, எலுமிச்சை வாசனை, முகப்பில் ஆவி பறக்கும் கோப்பையின் படம் எல்லாம் சேர்ந்து, அதை ஒரு பானமாகவே என்னை எண்ண வைத்தன. குடித்துவிட்டேன். படுக்கும் நேரத்தில் நீல மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு பெட்டியின் பின்புறத்தை விளக்கடியில் பிடித்துப் படித்தபோது, எதற்கும் இருக்கட்டுமே என்று காலிப் பொட்டலத்தையும் எடுத்துப் பார்த்தேன். பாராசிட்டமால் 1,000 மில்லிகிராம் என்றிருந்தது. ஆக, அன்றைக்கு எல்லையை அப்போதே தொட்டிருந்தேன். அதிலும் ஒரு மணி நேரத்திற்குள் 2,000 மில்லிகிராம். கையில் இருந்த நீல மாத்திரைகளையும் விழுங்கியிருந்தால் 5,000. இரண்டு பொருள்களின் அறிவுறுத்தல்களையும் தனித்தனியே அப்பழுக்கின்றிப் பின்பற்றியே இந்த நிலைக்கு வந்திருந்தேன். நீல மாத்திரைகளை அட்டையிலேயே வைத்துவிட்டுப் படுத்தேன்.

5,000 மில்லிகிராமால் ஒருவருக்கு அன்றே ஏதாவது ஆகிவிடும் என்று அச்சுறுத்துவது என் நோக்கம் அல்ல. ஆனால் இதே பழக்கம் மூன்று நான்கு நாள் தொடர்ந்தால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. உள்ளே போகும் பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் எளிதில் கரைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் நச்சுத்தன்மை கொண்ட துணைப்பொருளாக மாறுகிறது. கல்லீரலில் இருப்பில் உள்ள குளூட்டதையோன் என்னும் பொருள் அந்த நஞ்சை உடனுக்குடன் முறித்துவிடுகிறது. அளவு மீறும்போது நஞ்சு பெருகி, குளூட்டதையோனின் இருப்பு தீர்ந்து, எஞ்சிய நஞ்சு கல்லீரல் செல்களையே தாக்கத் தொடங்குகிறது. பட்டினி கிடந்தவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் எல்லை குறைவு என்பதற்கு அந்த இருப்பு அவர்களிடம் முன்பே வற்றியிருப்பது ஒரு காரணம். இதில் கொடுமை என்னவென்றால், முதல் 24 மணி நேரத்தில் லேசான குமட்டலைத் தவிர வேறு அறிகுறியே இல்லாமல் போகலாம். கல்லீரல் பாதிப்பு உச்சத்தை எட்டுவது மூன்றாம் நான்காம் நாளில். முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீன், அளவுக்கு மீறி விழுங்கிய எட்டு மணி நேரத்திற்குள் கொடுக்கப்பட்டால் கல்லீரலை ஏறத்தாழ முழுமையாகவே காப்பாற்றிவிடும். ஆகவே அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது; பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இதோடு பெயர்க்குழப்பம் வேறு. உலகின் பெரும்பகுதியில் பாராசிட்டமால் என்று வழங்கும் இதே மருந்து அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அசெட்டமினோஃபென் என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஒன்றை இங்கே வாங்கி, மற்றொன்றை வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்து, இரண்டையும் வெவ்வேறு மருந்து என்று நம்பி ஒன்றாக விழுங்குபவர் இருக்கக்கூடும் என்பதைப் பெட்டி வடிவமைப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து மூக்கடைப்புக்கு என்று சேர்க்கப்பட்டிருக்கும் ஃபினைல்எஃப்ரின். பச்சைக்குறிகளில் முதலாவதாக நிற்பது இதுதான். எனக்குச் சிறிதும் உதவாததும் இதுதான். இரண்டு நாளும் மாத்திரை விழுங்குவதற்கு முன்பு எந்த நாசித்துளை அடைத்திருந்ததோ, விழுங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் அதுவே அடைத்திருந்தது. மாறியபோதும் பக்கம்தான் மாறியது. ஒருவனுடைய மூக்கை வைத்து மருந்தை எடைபோட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொல்வது என் மூக்கு மட்டும் இல்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் கூடி, இருந்த சான்றுகளையெல்லாம் பரிசீலித்து, வாய்வழி உட்கொள்ளும் ஃபினைல்எஃப்ரின் வழக்கமான அளவில் மூக்கடைப்பை நீக்குவதற்குச் சான்று இல்லை என்று 16-க்கு 0 என ஒருமனதாக வாக்களித்தது. 2024 நவம்பரில் அந்த நிர்வாகமே, சீட்டில்லாமல் விற்கக்கூடிய வாய்வழி மூக்கடைப்பு மருந்துகளின் பட்டியலிலிருந்து அதை நீக்கலாம் என்று முன்மொழிந்தது. காரணமாகச் சொல்லப்பட்டது பலனின்மை. ஆபத்து என்று சொல்லப்படவில்லை.

பலன் ஏன் இல்லை என்பது சுவையான செய்தி. இந்த மருந்து விரிந்த இரத்தக் குழாய்களைச் சுருக்கக்கூடியதுதான். மூக்கில் நேரடியாகத் தெளித்தால் அதைச் செய்துகாட்டவும் செய்கிறது. வாய்வழியே போகும்போது குடற்சுவரும் கல்லீரலும் அதைப் பெருமளவு சிதைத்துவிடுவதால், செயல்படும் வடிவில் இரத்தத்தில் கலந்து மூக்குவரை வந்து சேர்வது மிகச் சொற்பம். அப்படியானால் இத்தனை பெட்டிகளில் இது எப்படி நுழைந்தது? முன்பு அந்த இடத்தில் இருந்தது சூடோஎஃபெட்ரின். அது வாய்வழியாகவும் நன்றாக வேலை செய்யும் மருந்து. ஆனால் அதை மூலப்பொருளாகக் கொண்டு மெத்தாம்ஃபெட்டமின் என்னும் போதைப்பொருளைக் காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 2006-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதைக் கடையின் திறந்த அலமாரியிலிருந்து எடுத்து, அடையாள அட்டை காட்டிக் கையெழுத்திட்டு, வரையறுத்த அளவில் மட்டுமே வாங்கும்படி செய்தது. தாராளமாக அலமாரியில் அடுக்கி விற்க விரும்பிய நிறுவனங்கள், அதே பெயர்ப்பலகையின் கீழ் ஃபினைல்எஃப்ரினை நிரப்பின. மருந்து மாறிய பிறகும் பெட்டியின் பெயரும் பச்சைக்குறியும் அப்படியே நின்றன.

சூடோஎஃபெட்ரின் கிடைக்கும் இடங்களிலும் அதைக் கவலையில்லாமல் விழுங்கிவிட முடியாது. அது இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். மிக அரிதாக மூளையின் இரத்தக் குழாய்களைப் பாதிக்கக்கூடும் என்பதால், கட்டுப்பாட்டில் இல்லாத அல்லது கடுமையான இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை எச்சரித்திருக்கிறது. பலன் இல்லாத ஃபினைல்எஃப்ரினுக்கும் இரத்த அழுத்த எச்சரிக்கை பெட்டியில் உண்டு. உதவாத ஒன்றுக்காக அந்தச் சிறு ஆபத்தையும் ஏன் ஏற்க வேண்டும் என்பதே என் கேள்வி.

நீல மாத்திரையைப் பற்றி எனக்கு இரண்டு மனம். முதல் நாள் இரவு அதை விழுங்கிவிட்டு ஆழ்ந்து தூங்கினேன். சளி பிடித்த இரவில் தூக்கம் எவ்வளவு பெரிய வரம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். தூக்கத்தைத் தந்தது குளோர்ஃபெனிரமின். ஒவ்வாமைத் தும்மலில் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுத்து வேலை செய்யும் பழைய தலைமுறை மருந்து இது. வைரஸ் சளியில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு இல்லை. இம்மருந்து மூக்கொழுகலை ஓரளவு குறைப்பது, சுரப்பிகளை உலர்த்தும் அதன் மற்றொரு குணத்தால். மூக்கை உலர்த்தும்போது வாயையும் உலர்த்தும். காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழுந்தேன். மூளைக்குள் எளிதில் புகுந்துவிடுவதால் தூக்கம் வருகிறது, அந்தத் தூக்கம் விடிந்ததும் கலைந்துவிடுவதில்லை. மருந்து உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. மறுநாள் முற்பகல்வரை எனக்குத் தலைக்குள் பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது. அந்த நிலையில் வண்டி ஓட்டுவதோ இயந்திரங்களின் அருகே நிற்பதோ கூடாது; மது, தூக்க மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் வேறு மருந்துகள் எவற்றோடும் இதைச் சேர்க்கக் கூடாது. உலர்த்தும் குணத்தால் வரும் வேறு இரண்டு சிக்கல்களையும் பெட்டி மிகப் பொடி எழுத்தில்தான் சொல்கிறது: புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கும் முதியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், கண் நீர் அழுத்த நோயின் ஒரு வகை உள்ளவர்களுக்குக் கண்ணில் அழுத்தம் திடீரென ஏறலாம். முதியவர்களுக்குக் குழப்பமும் தடுமாறி விழுவதும் இதனால் ஏற்படுவதுண்டு. வீட்டில் முதியவர் இருந்து, அவருக்குச் சளி பிடித்தால், நீல மாத்திரையை எடுத்து நீட்ட வேண்டாம்.

காஃபீனுக்கு அதிக இடம் ஒதுக்கத் தேவையில்லை. இரண்டு மஞ்சள் மாத்திரையில் சேர்ந்து 50 மில்லிகிராம். ஒரு கோப்பைக் காபியில் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். வலி மருந்தின் பலனைக் காஃபீன் சற்றே கூட்டும் என்பது உண்மை, ஆனால் அதற்கு 100 மில்லிகிராம் அளவாவது வேண்டும். மாலை மாத்திரையோடு அது உள்ளே போய் இரவுத் தூக்கத்தைத் தள்ளிவைக்கும், பிறகு அந்தத் தூக்கத்தை மீட்க நீல மாத்திரை. பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு இழுபறி.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற வடிவங்களைப் பற்றியும் ஓரிரு சொற்கள். என்னை ஏமாற்றிய சளிப்பொடியின் முகப்பில் வைட்டமின் சி பெரிய எழுத்தில் இருந்தது. சளி தொடங்கிய பிறகு வைட்டமின் சி எடுத்துக்கொள்வதால் நோய் நாள்கள் குறைவதாக ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. அந்தப் பொடியில் எனக்கு நன்மை செய்தவை பாராசிட்டமாலும் வெந்நீரும்தான், வெந்நீர் வீட்டிலேயே இருந்தது. நீரில் போட்டால் பொங்கிக் கரையும் பாராசிட்டமால் மாத்திரைகளில் சில, ஒன்றுக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் சோடியம் கொண்டவை. நாளொன்றுக்கு எட்டு மாத்திரை குடித்தால், பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் 2,000 மில்லிகிராம் எல்லையைச் சோற்றில் உப்பு போடுவதற்கு முன்பே தாண்டிவிடுவோம். இருமல் மருந்தும் கலந்த கூட்டு மருந்துகளில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருமல் உணர்வை அடக்குவதற்கும், குவைஃபெனெசின் சளியை இளக்கி இருமி வெளியேற்றுவதற்கும் சேர்க்கப்படுகின்றன. இருமாதே என்பதையும் நன்றாக இருமு என்பதையும் ஒரே கரண்டியில் ஊற்றிக் கொடுக்கும் பாகுமருந்துகள் உண்டு. அவற்றை வகுத்தவர்களின் தர்க்கம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மனச்சோர்வுக்கான மருந்துகளை எடுத்துக்கொள்பவர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள எதையும் மருந்தாளுநரைக் கேட்காமல் தொடக் கூடாது; சில சேர்க்கைகளில் செரோட்டோனின் என்னும் நரம்பு வேதிப்பொருள் அளவுக்கு மீறி ஏறி, நடுக்கம், கடும் காய்ச்சல், மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மோனோஅமின் ஆக்சிடேஸ் தடுப்பான்கள் என்ற வகையை எடுத்துக்கொள்பவர்களுக்கு, அதை நிறுத்தி 14 நாள் ஆகும்வரை டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் மூக்கடைப்பு மருந்துகளும் தடை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்துக்கொள்பவர்கள், பாராசிட்டமாலைத் தொடர்ந்து சில நாள் எடுத்தாலே இரத்தப் பரிசோதனை எண் மாறக்கூடும் என்பதை மருத்துவரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை என் மதிப்பீட்டில் ஊசலாட்டம் இல்லை. இத்தகைய கூட்டு மருந்துகளால் சிறு குழந்தைகளுக்குப் பலன் இருப்பதற்குச் சான்று இல்லை, தீங்கு நேர்ந்ததற்கு உண்டு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008-இல், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கடையில் நேரடியாக வாங்கும் இருமல், சளி மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தது. பின்னர் உற்பத்தியாளர்கள் நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்று பெட்டியில் அச்சிடத் தொடங்கினார்கள். பிரிட்டன் 2009-இல் ஆறு வயதை எல்லையாக வைத்தது. இந்தியாவின் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில், குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று எச்சரிக்கை அச்சிட உத்தரவிட்டது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எடைக்கேற்ற அளவில் தனிப் பாராசிட்டமால் பாகுமருந்து, அதுவும் அதனோடு வரும் அளவுக் குவளையிலோ பீச்சுகுழலிலோ. சமையலறைக் கரண்டி ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒரு வயது நிரம்பிய குழந்தையின் இருமலுக்குத் தேன் நல்லது, அதற்கு முன் தேன் கூடவே கூடாது. ஆஸ்பிரின் கலந்த எதையும் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் வைரஸ் காய்ச்சலில் கொடுக்கக் கூடாது. அதனால் வரக்கூடிய, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் அரிதானது என்றாலும் கொடியது.

பெட்டியின் மீது எனக்குள்ள மற்றொரு மனக்குறை, சளியையும் ஃபுளூவையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது. சளி மெல்லத் தொடங்கி ஏழு முதல் பத்து நாளில் வடிந்துவிடும். இருமல் மட்டும் மூன்று வாரம்வரை இழுக்கலாம். ஃபுளூ காய்ச்சல் ஆளைத் திடீரென்று அடித்துப் போடும், காய்ச்சல் கடுமையாக ஏறும், எழுந்து நடக்க முடியாது. அதற்கு ஓசெல்டாமிவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து மருத்துவரிடம் உண்டு, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் அதன் பலன் அதிகம். கர்ப்பிணிகள், முதியவர்கள், இதயம் அல்லது நுரையீரல் நோய் உள்ளவர்கள் அந்த இரண்டு நாளை மஞ்சள் மாத்திரையோடு கழித்துவிட்டால், காய்ச்சல் மறைந்திருக்கும், காலமும் கடந்திருக்கும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பம், மூன்று நாளுக்கு மேல் நீளும் காய்ச்சல், தணிந்தபின் மீண்டும் மூளும் காய்ச்சல் ஆகியவை இருந்தால் எந்தச் சளிப் பெட்டியும் விடையாகாது. மூக்கில் ஒரு தொல்லையும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால் அது சளியே இல்லாமலும் இருக்கலாம். டெங்கு பரவும் இடங்களில் இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கலந்த கூட்டு மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

நான்காம் நாளிலிருந்து பெட்டியை மூடிவிட்டு, தொல்லைக்கு ஒரு மருந்து என்று மாறினேன். தலைவலித்தபோது மட்டும் தனிப் பாராசிட்டமால். அது அந்த நாளில் இரண்டே வேளைதான் தேவைப்பட்டது, பெட்டி சொன்னபடி போயிருந்தால் நான்கு வேளை விழுங்கியிருப்பேன். மூக்குக்குக் காய்ச்சி ஆறிய நீரில் கலந்த உப்புக்கரைசல், படுக்கும் முன் ஆக்ஸிமெட்டாசோலின் தெளிப்பு. தெளிப்பு ஐந்தே நிமிடத்தில் மூக்கைத் திறந்தது, மூன்று நாளாக மாத்திரை சாதிக்காததை. அதற்கும் ஒரு விலை உண்டு: சில நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்து இறங்கும்போதெல்லாம் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கி, தெளிப்பு இல்லாமல் மூச்சுவிட முடியாத நிலை வந்துவிடும். மூன்று இரவோடு நிறுத்திக்கொண்டேன்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால் மஞ்சள் மாத்திரைக்கு ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் பாராசிட்டமாலுக்கே சேரும். நீல மாத்திரைக்கு, முதல் இரவின் தூக்கத்துக்காக, இரண்டரை. உடல்வலி, மூக்கொழுகல், தூக்கமின்மை மூன்றும் ஒன்றாக வாட்டும் முதல் ஓரிரண்டு இரவுக்கு, வேறு நோயோ வேறு மருந்தோ இல்லாத, மறுநாள் வண்டி ஓட்டத் தேவையில்லாத ஒருவருக்கு அது பயன்படும். பெட்டி வடிவமைப்புக்கு மதிப்பெண் தர எனக்கு மனம் வரவில்லை. ஐந்து பச்சைக்குறிகளுக்கு முகப்பில் கிடைத்த இடத்தில் பாதிகூட, பாராசிட்டமால் உள்ள வேறு எதனோடும் சேர்க்காதீர்கள் என்ற வரிக்குக் கிடைக்கவில்லை.

எட்டு மாத்திரைகள் மீதமிருக்கின்றன, ஆறு மஞ்சள், இரண்டு நீலம். பெட்டியை அலமாரியில் திரும்ப வைக்கும் முன், முகப்பில் கறுப்பு மையால் ‘ஒன்றில் பாராசிட்டமால் 500’ என்று பெரிதாக எழுதினேன். பக்கத்தில் இருந்த எலுமிச்சைப் பொட்டலங்கள் நான்கிலும் 1,000 என்று எழுதி வைத்திருக்கிறேன்.